எதிர்வீட்டுத் தங்கச்சி

அந்தத் தெருவில்தான் வீடு வாங்க வேண்டும் என்று சின்னவள் முடிவு செய்த நாளில் அவளுக்குச் சொந்தமென்று இருந்தவை நாலு பைகள், மூச்சு இழுத்துக்கொண்டிருந்த பத்து மாதக் குழந்தை, வாயில்லாப் பூச்சியாக ஒரு கணவர், அவ்வளவுதான். அன்று காலை வரை பைகள் ஐந்து இருந்தன.

வீட்டில் இரண்டே பெண்கள். மூத்தவளைப் பெரியவள் என்றும் இவளைச் சின்னவள் என்றும் கூப்பிட்டுப் பழகியவர்கள் இருவருக்கும் நரை விழுந்த பிறகும் அதை மாற்றவில்லை. பெரியவளுக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணமாகி, அத்தானோடு இந்த நாட்டுக்கு வந்துவிட்டாள். இரவும் பகலுமாக அலுவலகங்களைக் கூட்டிப் பெருக்கி, அத்தானும் பஸ் ஓட்டி, சொந்த வீடு வாங்கினார்கள். சின்னவள் ஊரில் கணக்கில் பட்டம் வாங்கி, ஆறு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய பிறகு, கணவரோடும் இரண்டு மாதக் கைக்குழந்தையோடும் அக்காவை நம்பி வந்து இறங்கினாள்.

அக்கா கொடுத்த இடம் சமையலறைக்குப் பின்னால் ஒட்டுப்போட்டுக் கட்டிய ஒரு சிறிய அறை. துணி துவைக்கும் இயந்திரமும் அதில்தான் இருந்தது. வடக்குச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு எப்போதும் ஈரம். வண்ணம் உப்பி உப்பி உதிரும். கட்டிலை நகர்த்தினால் சுவரோரம் கறுப்பாகப் பூசணம். எட்டு மாதம் அந்தச் சுவரின் அருகில் படுத்தார்கள். குழந்தைக்கு இழுப்பு வந்தது.

"சுவரு நல்லாத்தான் இருக்கு. நீ ஈரத்துணியை உள்ள போட்டு வைக்கிற, அதான்" என்பாள் பெரியவள்.

ஒருநாள் குழந்தைக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் அம்மா, தூங்கும் அறை எப்படி இருக்கும் என்று கேட்டார். சின்னவள் உள்ளதைச் சொன்னாள். டாக்டர் நகர அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். இரண்டாம் நாளே கையில் அட்டையோடு ஓர் ஆள் பெரியவளின் வீட்டுக்கு வந்து, பின் அறைச் சுவரைத் தொட்டுப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது கதவு திறக்கவில்லை. சாமான்கள் எல்லாம் வாசலுக்கு வெளியே, குப்பைத் தொட்டிகளுக்குச் சற்றுத் தள்ளிச் சுவரோரம் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஜன்னலை ஒரு சாண் திறந்து பெரியவள் பேசினாள்.

"தங்க இடம் குடுத்தா, என் வீட்டையே காட்டிக் குடுத்துட்டு வர்ற. போ. இது வீடு, ஆஸ்பத்திரி இல்ல."

"அக்கா, குழந்தைக்கு இன்னும் சரியாகல."

"அதுக்குத்தான் நல்ல வீடா பாத்துக்கோங்கறேன்."

ஜன்னல் மூடிக்கொண்டது. சின்னவள் பைகளை எண்ணினாள். நாலு. நீலப் பை இல்லை. அன்று குப்பை வண்டி வரும் நாள். எதிர்வீட்டுக் கிழவர்தான், வண்டிக்காரர்கள் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்ததையும் அள்ளிப் போட்டதாகக் கையைக் காட்டிச் சொன்னார்.

நீலப் பையில் இருந்தவை அவளுடைய சான்றிதழ்கள். அடுத்த வாரம் ஆசிரியர் பதிவு அலுவலகத்தில் காட்ட வேண்டும் என்று வரிசைப்படி அடுக்கித் தயாராக வைத்திருந்தாள். கணவர் குப்பைக் கிடங்குக்கே போய்க் கெஞ்சிப் பார்த்தார். அங்கே எல்லாவற்றையும் நசுக்கிக் கட்டியாக்கி முடித்திருந்தார்கள். கல்லூரிக்கு எழுதியதற்கு, நேரில் வந்து விண்ணப்பித்தால்தான் நகல் என்று பதில் வந்தது. கைக்குழந்தையோடு யார் போவது, எதை வைத்துப் போவது? பதிவுக்கான கெடு முடிந்தது. மறு வருஷம் சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். வெளிநாட்டுப் பட்டம் செல்லாது, இங்கேயே முதலிலிருந்து படிக்க வேண்டும். அத்தோடு சின்னவளின் வாத்தியார் வேலை முடிந்தது.

அன்று குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவள் கணவரிடம் சொன்னது ஒரே வாக்கியம்.

"இதே தெருவுல, இவ கண்ணு முன்னாடி வீடு வாங்கணும்."

"வாங்கலாம், வாங்கலாம்" என்றார் அவர், ஆட்டோவுக்குக் கை காட்டுவதுபோலச் சாதாரணமாக. அவள் நினைவில் வைத்துக்கொள்வாள் என்று அவர் நினைக்கவில்லை.

செருப்புத் தைக்கும் கடைக்கு மேலே ஓர் அறை கிடைத்தது. கணவர் கிடங்கு ஒன்றில் சுமை தூக்கும் வண்டி ஓட்டப் போனார். சின்னவள் ஜன்னல் திரை தைக்கும் பட்டறையில் சேர்ந்தாள். முதலில் ஓரம் மடித்துத் தைப்பது, அப்புறம் உள்துணி கொடுப்பது, வளையம் அடிப்பது. ஒரு வருஷத்துக்குள் முதலாளி அவளை அளவெடுக்க வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கினார். கொசுவம் வைக்க ஜன்னல் அகலத்தைப் போல் இரண்டரை மடங்கு துணி வேண்டும், துணியில் பூப்போட்டிருந்தால் பூவுக்குப் பூ ஒட்ட இன்னும் கொஞ்சம் வேண்டும். மற்றவர்கள் தாளில் எழுதிக் கூட்டிக்கொண்டிருக்கும்போது, இவள் ஏணியில் நின்றபடியே சொல்லிவிடுவாள். கணக்கு டீச்சர் கடைசியில் துணி கிழிக்கத்தான் ஆனாள் என்று தன்னைத்தானே குத்திக்கொள்வாள். குத்தக் குத்த வைராக்கியம் ஏறும்.

ஊரில் பாதி வீடுகளின் உள்ளே அவள் போய் வந்திருக்கிறாள். எந்த வீட்டில் ஜன்னல் கட்டை உளுத்திருக்கிறது, எந்த வீட்டில் புது வண்ணத்துக்கு அடியில் பழைய கறை இருக்கிறது என்று வாசனையை வைத்தே சொல்லுவாள். அதனால் ஒன்பது வருஷம் கழித்து அவர்கள் வீடு பார்க்கக் கிளம்பியபோது தரகருக்குத்தான் திண்டாட்டம். ரயிலடிக்குப் பக்கத்தில் ஒன்று, பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒன்று, நல்ல வெளிச்சத்தோடு ஒன்று என்று அவர் காட்டியதையெல்லாம் இவள் பார்த்துவிட்டு, "அந்தத் தெருவுல ஏதும் வந்துச்சா?" என்பாள்.

கணவர் ஒருநாள் பொறுமை இழந்தார். "இதைவிட நல்ல வீடு நாலு பாத்தாச்சு. நாம வீடு வாங்குறோமா, வழக்குப் போடுறோமா?"

"ரெண்டும்தான்."

"அக்காவைப் பாக்காம இருந்தா நிம்மதியா இருக்கலாம்ல?"

"நான் நிம்மதியா இருக்கணும்னு சொன்னேனா? அவ நிம்மதியா இருக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன்."

பேசிப் பயனில்லாத இடத்தில் வாயை மூடிக்கொள்ளும் நல்ல பழக்கம் அவருக்கு உண்டு.

எதிர்வீட்டுக் கிழவரை அவருடைய பிள்ளைகள் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்ட அன்றே சின்னவள் போய் நின்றாள். குறுகலான மாடிப்படி, பழைய குளியலறை, பின்னால் கைக்குட்டை அளவு தோட்டம். அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. முன்னறை ஜன்னலருகே போய் நின்றாள். நேர் எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், பெரியவளின் வாசற்கதவு. இடையில் ஒரு மரம்கூட இல்லை.

"எடுத்துக்கறோம்" என்றாள் தரகரிடம்.

கிடங்கிலிருந்து கேட்டு வாங்கிய வண்டியில் குடிவந்தார்கள். பெரியவள் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வண்டியிலிருந்து முதலில் சின்னவள் இறங்கினாள். பெரியவள் பார்த்தாள். தொட்டி நிரம்பி, தண்ணீர் வழிந்து, அவள் செருப்பை நனைத்த பிறகுதான் குழாயை மூட வேண்டும் என்ற நினைவு வந்தது. உள்ளே போய் ஜன்னலை மறைத்துக்கொண்டாள். கட்டிலும் பாத்திரமுமாக ஒவ்வொரு சாமானையும் சின்னவள் அவசரமே இல்லாமல் இறக்கினாள். இறக்கியதை நடுத்தெருவில் வைத்து ஒருமுறை துடைத்துவிட்டு உள்ளே கொண்டுபோனாள்.

ஊருக்கெல்லாம் திரை தைத்துக் கொடுக்கிறவள் தன் வீட்டு முன்னறை ஜன்னலுக்கு மட்டும் திரை போடவில்லை. உள்ளே, தெருவைப் பார்த்த சுவரில், ஆள் உயரத்துக்குக் கரும்பலகை மாட்டினாள். சனிக்கிழமை காலைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்குக் காசு வாங்காமல் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். பிள்ளைகள் தெருவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்கள். சின்னவள் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அவள் முகம் எதிர்வீட்டுக்கு நேராக வரும். பெரியவள் உட்காருவதும் சாப்பிடுவதும் முன்பக்க அறையில்தான். பார்க்காமல் இருக்க முடியாது.

அத்தான் பரவாயில்லை. குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வரும்போது எதிரே இவள் கணவரைப் பார்த்தால் லேசாகக் கையைத் தூக்குவார். இவரும் தூக்குவார்.

"கையைக் கீழ போடுங்க" என்று உள்ளிருந்து குரல் வரும்.

"முதுகு சொறிஞ்சேம்மா" என்பார் இவர்.

அக்காளும் தங்கையும் மூன்று வருஷம் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியம்மாவின் வீட்டுக்குப் போகலாமா என்று மகள் ஒரே ஒரு தடவை கேட்டாள். கேட்டதற்குக் கிடைத்த பதிலில், மறுபடி கேட்கவில்லை.

அப்புறம் அத்தானுக்கு வேலை ஓய்வு வந்தது. அவர்களுடைய மகன் வேறு ஊரில் இருந்தான். அங்கேயே போய்விடுவது என்று வீட்டை விற்கத் தீர்மானித்தார்கள். பெரியவளின் வாசலில் பலகை முளைத்தது. அதற்கு முந்தின வாரம் வண்ணக்காரர்கள் வாளிகளோடு பின் அறைப் பக்கம் இரண்டு நாள் போய் வந்ததைச் சின்னவள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருந்தாள்.

வீடு பார்க்க வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து தெருவை ஒரு நோட்டம் விடுவார்கள். கண்ணில் படும் அக்கம்பக்கத்தாரிடம் ரெண்டு வார்த்தை கேட்பார்கள். சின்னவள் அந்தச் சனிக்கிழமையிலிருந்து பாடத்தை மாலைக்கு மாற்றிவிட்டு, காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து துணிக்கு ஓரம் அடிக்க ஆரம்பித்தாள்.

முதலில் வந்தது ஒரு கணவன் மனைவி, நம்மவர்கள்தான். அந்தப் பெண்ணே தெருவைக் கடந்து வந்தாள்.

"அக்கா, இந்தத் தெரு எப்படி?"

"தெரு நல்ல தெரு."

"அந்த வீடு?"

சின்னவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "பின்னாடி ஒரு ரூம் இருக்கே, பாத்தீங்களா? வடக்குச் சுவரைத் தொட்டுப் பாத்தீங்களா?"

"புதுசா பெயின்ட் அடிச்சிருந்துச்சு."

"அதான். அந்தச் சுவரோட எட்டு மாசம் படுத்திருக்கேன். என் பொண்ணுக்கு அங்கதான் இழுப்பு வந்துச்சு. உங்களுக்குச் சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?"

இருந்தார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை.

இரண்டாவதாக வந்தவர் தனி ஆள். அவரிடம் அந்த ஊர் மொழியில் அதையே சொன்னாள். மூன்றாவது குடும்பத்துக்கு, கட்டிலை எந்த இடத்தில் போட்டால் பூசணம் எவ்வளவு நாளில் மேலே ஏறும் என்பதுவரை சொன்னாள். ஒரு பொய் இல்லை, ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. உண்மையை இத்தனை ருசியாகப் பேச முடியும் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. பலகையில் விலையை மாற்றி ஒட்டினார்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி ஒட்டினார்கள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவள் தெருவைக் கடந்தாள்.

சின்னவள் கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை; வழியை மறிக்கவும் இல்லை. பெரியவள் தானாகவே முன்னறைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் தரகர் கொடுத்த தாள்கள். கிட்டத்தில் பார்க்கும்போது தலை நன்றாகவே நரைத்திருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சின்னவளுக்கு இரக்கம் வரவில்லை. வருமோ என்று ஒரு கணம் பயந்தாள், அவ்வளவுதான்.

"வீடு பாக்க வர்றவங்ககிட்ட என்னத்தைச் சொல்ற நீ?"

"உள்ளதைச் சொல்றேன்."

"அத்தானுக்கு நெஞ்சு வலி வந்து போயிருக்கு. சீக்கிரம் மகன்கிட்டப் போகணும். வாயை மூடிட்டு இருக்க முடியாதா உன்னால?"

"என் நீலப் பையைக் குடு, மூடிக்கறேன்."

பெரியவள் சுவரில் இருந்த கரும்பலகையைப் பார்த்தாள். முந்தின நாள் கணக்கு ஒன்று பாதி அழிந்து கிடந்தது.

"பாத்துட்டியா? அதுக்குத்தான் மாட்டுனேன்" என்றாள் சின்னவள். "குப்பை வண்டி எடுத்துட்டுப் போகும்னு உனக்குத் தெரியாமப் போச்சாக்கும்?"

தெரியாது, தவறி நடந்துவிட்டது என்று அவள் சொல்வாள். அதற்கு என்ன திருப்பிச் சொல்ல வேண்டும் என்று சின்னவள் பதிமூன்று வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். ஆனால் பெரியவள் தலையைத் தூக்கி நேராகப் பார்த்தாள்.

"தெரியும். என்ன நாள்னும் தெரியும், பையில என்ன இருந்துச்சுன்னும் தெரியும். மத்த நாலையும் சுவரோரமா வச்சேன். அதை மட்டும் தொட்டிகிட்ட வச்சேன்."

சின்னவள் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பள்ளிக்கூடத்துல நான்தான் முதல் மார்க். உனக்கு ஞாபகம் இருக்காது, நீ சின்னப் பிள்ளை. ஒருத்தியைத்தான் காலேஜுக்கு அனுப்ப முடியும்னாரு அப்பா. எனக்கு மாப்பிள்ளை வந்துச்சுன்னு தள்ளி விட்டுட்டாரு. நான் இங்க வந்து ஊர்க் கக்கூஸைக் கழுவுனேன். நீ வந்து, என் வீட்டுலயே உக்காந்துட்டு, அந்தக் காகிதத்தைத் தினமும் எடுத்து எடுத்து அடுக்குவ. அத்தோட நகராட்சி ஆளையும் வரவழைச்ச. தாங்கல எனக்கு. வச்சேன்."

"அதுக்கு நான் என்னக்கா பண்ணேன்? அனுப்பாதது அப்பா."

"அப்பாவை இங்க கொண்டாந்து குப்பைத் தொட்டிகிட்ட நிறுத்த முடியுமா? நீதான் கிடைச்ச."

மன்னிப்பு என்ற வார்த்தையின் பக்கத்தில்கூட அவள் வரவில்லை. சமையலறையில் கணவர் தேநீர்க் கோப்பையைக் கழுவுகிற சாக்கில் அரை மணி நேரமாகக் குழாயைத் திறந்துவிட்டிருந்தார். அதையும் மூடினார்.

சின்னவள் மெல்ல எழுந்து, மேசையிலிருந்த பேனாவை எடுத்து அக்காவின் முன்னால் வைத்தாள்.

"அந்தத் தாளைப் பிரி. மூணாவது பக்கத்துல, வீட்டுல என்ன குறைன்னு கேட்டு ஒரு இடம் விட்டிருப்பான். அங்க என்ன எழுதியிருக்க?"

"ஒண்ணும் இல்லைன்னு. தரகர்தான் எழுதினாரு."

"அதை அடிச்சுட்டு எழுது. பின் அறை வடக்குச் சுவர், பதிமூணு வருஷத்துக்கு மேல ஈரம்னு. உன் கையால எழுது. எழுதிட்டா நான் வாசல்ல உக்கார மாட்டேன்."

"எனக்கு இந்த ஊர் மொழி பேசத்தான் வரும். எழுத வராதுன்னு தெரியும்ல உனக்கு?"

"நான் சொல்றேன், எழுது."

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். பெரியவள் ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள், பேனாவை இறுக்கிப் பிடித்து, நாக்கின் நுனி உதட்டோரம் தெரிய. 'வடக்கு' என்பதற்கான சொல்லில் ஓர் எழுத்து தவறிவிட்டது.

"தப்பு. அடிச்சுட்டு மறுபடி எழுது."

"புரியும், விடு."

"மறுபடி எழுது."

எழுதினாள். சின்னவள் தாளை வாங்கி, மேலிருந்து கீழ்வரை படித்து, சரி என்று திருப்பிக் கொடுத்தாள். தொண்டையில் தேன் இறங்கியது போல இருந்தது. இத்தனை வருஷம் இந்தத் தித்திப்புக்காகத்தான் காத்திருந்தாள். முதல் மார்க் வாங்கியவள் அந்த ஐந்தாறு சொற்களுக்குள் தடுமாறியதையும் அவள் பார்த்தாள்தான். அதைத் தள்ளி வைத்தாள்.

பெரியவள் கதவருகே நின்றாள். "வீடு நல்லாதான் இருக்கு. குளியலறையை மட்டும் மாத்துங்க" என்றாள். பிறகு சாலையில் இரண்டு பக்கமும் பார்த்து, மெதுவாகக் கடந்து போனாள்.

அவள் போன பிறகு கணவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "திருப்தியா?"

"ம்."

"மன்னிப்புக் கேட்டிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

சின்னவள் யோசித்தாள். "தெரியல. நல்லவேளை, கேக்கல."

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். சனிக்கிழமை வாசலில் நாற்காலி போடவில்லை. வீட்டை ஓர் இளம் தம்பதி, எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, அதற்கேற்ற விலைக்கு வாங்கினார்கள். பெரியவளும் அத்தானும் கிளம்பிய காலையில் சின்னவள் வேலைக்குப் போய்விட்டாள். கணவர் மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டு, பீரோவைத் தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டு வந்தார். மாலையில் சின்னவள் அவர் சட்டைத் தோளில் தூசியைப் பார்த்து, "குளிச்சுட்டு வாங்க" என்றாள்.

புதிதாக வந்தவர்கள் ஒரு ஆளை வைத்துப் பின் அறையின் வெளிப்பக்கத்தில் தோண்டினார்கள். மண்ணுக்குள் பழைய குழாய் ஒன்று விரிசல் விட்டுக் கசிந்துகொண்டிருந்தது. மாற்ற இரண்டு நாள் ஆயிற்று. "ரெண்டே நாள் வேலை" என்று அந்தப் பெண் வந்து சந்தோஷமாகச் சொன்னாள். சின்னவள் சிரிக்க முயன்றாள். அன்று பட்டறையில் ஒரு ஜன்னலுக்குத் துணியை அளவு தப்பிக் கிழித்துவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

ஆறு மாதம் கழித்துப் பெரியவள் போன் செய்தாள். அத்தானுக்கு நடைப்பயிற்சி சொல்லியிருக்கிறார்கள், மகன் வீட்டில் படி அதிகம், மருமகள் நல்ல மாதிரி என்றாள். கேட்டதற்கெல்லாம் சின்னவள் ஒரு சொல்லில் பதில் சொன்னாள். பழைய பேச்சை இருவரும் எடுக்கவில்லை. அடுத்த மாதமும் அதே நாளில் போன் வந்தது. அதற்கடுத்த மாதமும்.

"எடுங்கம்மா, பெரியம்மாதான்" என்று மகள் குரல் கொடுப்பாள்.

"அடிக்கட்டும்" என்பாள் சின்னவள், போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தபடி. உடனே எடுத்துவிட்டால் அக்காவுக்குக் கொழுப்பு ஏறிவிடும். நாலு தடவை மணி அடிக்க விட்டு, ஐந்தாவதில் எடுப்பாள்.